செய்தவர் ஒருவர்தானா?

கோவை, திருப்பூர், ஓசூர் போன்ற தொழில் ஊர்களில் உள்ளூர் நிறுவனங்களின் புதுமைகளுக்கு விருது வழங்குவது நிலைத்த வழக்கமாகிவிட்டது. தொழில் சங்கங்கள் வழங்குகின்றன, வணிக அமைப்புகள் வழங்குகின்றன, மாநில அரசும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்முனைவோருக்கு வழங்குகிறது. விண்ணப்பம் வாங்குகிறார்கள், நடுவர் குழு கூடிப் பேசுகிறது, ஒரு மாலையில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுக்கிறார்கள். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வருகிறது. இதில் சமயத்துக்கும் தத்துவத்துக்கும் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் பாராட்டுப் பத்திரத்தில் 'இந்தப் புதுமையைச் செய்தவர் இவர்' என்று அச்சிடும்போது, ஒரு செயலுக்குக் கர்த்தா யார் என்ற கேள்விக்கு நாம் விடை சொல்லிவிடுகிறோம். இந்தியச் சமயங்கள் ஈராயிரம் ஆண்டுகளாக மோதிக்கொண்ட கேள்வி அது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே பெயரைச் சொல்லி அதை முடித்துவிட மறுத்தன. என் கட்சி இதுதான்: நன்றி சொல்லும் முறையாக இந்த விருதுகள் நியாயமானவை. தனியொரு கர்த்தாவைச் சுட்டும் தீர்ப்பாக அவை உண்மைக்குப் புறம்பானவை. ஒரு வட்டாரத்தின் பெயரால் தரப்படும் விருதுக்கு இந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் கடமையும் மற்ற எந்த விருதையும்விட அதிகம்.

கோவையின் வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் பி. சபாபதி என்பவர் அங்கே முதல் கிரைண்டரைச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அவருக்குரிய பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆண்டில், அந்த ஊரில் அது ஏன் சாத்தியமாயிற்று? 1888-இல் ஸ்டேன்ஸ் என்பவர் தொடங்கிய நூற்பாலைக்குப் பிறகு ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன. 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்தது. மழை மறைவுப் பகுதியாதலால் ஆழக் கிணறுகளிலிருந்து நீர் இறைக்க வேண்டியிருந்தது. விவசாயிக்குப் பம்ப் தேவைப்பட்டது. பம்புக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்தார்கள். வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு முளைத்தன. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம் இருந்தது, கல் கொத்தத் தெரிந்த கைகளும் இருந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மாவு எந்தப் பதத்தில் இருந்தால் இட்லி மெத்தென்று வரும், அரைக்கும்போது உளுந்து எப்போது தண்ணீர் கேட்கும், எவ்வளவு சூடேறினால் மாவு கெடும் என்பதெல்லாம் ஆட்டுக்கல் முன் அமர்ந்து தோள் வலிக்க அரைத்த பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த இயந்திரம் வென்றதா தோற்றதா என்று தீர்ப்பு எழுதியவர்கள் அவர்கள்தான். பிற்காலத்தில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அது தனி மனிதர் பெயரில் வரவில்லை, ஊரின் பெயரில் வந்தது. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், ஒரு பொருளின் சிறப்புக்கு ஒரு மண்ணும் அதன் மக்களும் காரணமாக இருக்க முடியும் என்பதை ஏற்கிறது. அந்த அளவில் நம் விருதுக் குழுக்களைவிடச் சட்டம் உண்மைக்கு அருகில் நிற்கிறது.

காரணங்களை இப்படி வகுத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் சொல்லும். பானைக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பானை இல்லை. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஐந்து காரணங்கள் சொல்கிறது: செயலுக்கு நிலைக்களமான இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். ஐந்தில் ஒன்றே செய்பவர். தான் மட்டுமே கர்த்தா என்று காண்பவர் சரியாகக் காணாதவர் என்று அதே இடத்தில் கடிந்தும் சொல்கிறது. மணிமேகலையின் இறுதிக் காதை, பௌத்தத்தின் பன்னிரு சார்புகளை விரித்து, ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்று காட்டி, தனித்து நிற்கும் ஒரு 'நான்' இந்தத் தொடரில் எங்குமே இல்லை என்ற முடிவுக்குக் கொண்டுசெல்கிறது. இறைவன், உயிர், உலகு பற்றி இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பட்டறைகளின் வழக்கமும் இதற்குச் சாட்சி. ஆயுத பூசையன்று லேத்துக்கும் சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கும்பிடுகிறார்கள். துணைக்காரணத்தின் முன் கை கூப்பும் நாள் அது. விருது மேடையில் இதற்கு இணையான ஒரு கணமும் கிடையாது.

சித்தாந்தம் படித்தவர் இங்கே இடைமறிக்கலாம், அது வலுவான மறுப்பும்கூட. மண் தானாகப் பானை ஆகாது, சக்கரம் தானாகச் சுழலாது, அவை சடம். அறிவும் இச்சையும் உடைய குயவரே முதன்மையானவர். ஆகவே பெருமையை அவருக்குத் தருவதில் பிழை என்ன? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது சித்தாந்தத்தின் உள்ளிருந்தே வருவது. உலகத்துக்கு நிமித்த காரணன் என்று அது சொல்வது இறைவனை. உயிரைப் பற்றிப் பேசும்போது, அது தானாக அறியாது, அறிவிக்க அறியும் என்றும், எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறும் என்றும் சொல்கிறது. ஒரு தொழில்முனைவரின் அறிவும் துணிவும் அவர் சார்ந்த ஊரின் நிறத்தைப் பெற்றவை. பம்ப் செய்யும் ஊரில் பிறந்தவருக்குத் தோன்றும் யோசனை வேறு, பட்டாசு செய்யும் ஊரில் பிறந்தவருக்குத் தோன்றும் யோசனை வேறு. இரண்டாவது விடைதான் எனக்கு முக்கியமானது. கிரைண்டர் கதையில் குயவருக்கு எதிரே இருந்தது வெறும் மண் அல்ல. கல் கொத்தியவருக்கு அறிவு உண்டு. வார்ப்படத்துக்கு மணல் பதம் பார்த்த மோல்டருக்கு அறிவு உண்டு. மாவுப் பதம் சொன்ன பெண்ணுக்கு அறிவு உண்டு. அவர்களை விட்டுவிட்டு ஒரே பெயரைச் சொல்லும்போது, அறிவுள்ள மனிதர்களைச் சடப்பொருளின் வரிசையில் சேர்த்துவிடுகிறோம். விருதின் உண்மையான பாவம் இதுதான். ஒருவரை உயர்த்தியதில் எனக்குக் குறையில்லை, மற்றவர்களை மண்ணாக்கியதில்தான் குறை. குறைந்த விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கிய கோவை முருகானந்தம், தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் விருதும் 2016-இல் பத்மஸ்ரீயும் பெற்றவர். தன் சோதனைகள் பெண்களின் பதில்கள் கிடைக்காமல் எப்படித் தடுமாறின என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். உண்மையான புதுமையாளர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது. விருதின் வாசகத்துக்குத்தான் தெரியவில்லை.

தனியொருவர் இல்லாவிட்டால் அந்தப் புதுமையே வந்திருக்காது என்ற நம்பிக்கையை வரலாறும் ஆதரிக்கவில்லை. 1876 பிப்ரவரி 14 அன்று கிரஹாம் பெல்லின் தொலைபேசி விண்ணப்பமும் எலிஷா கிரேயின் ஆவணமும் ஒரே நாளில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தை அடைந்தன. 1858-இல் இயற்கைத் தேர்வுக் கொள்கை டார்வின், வாலஸ் இருவர் பெயராலும் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. ஆக்பர்ன், தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1922-இல் வெளியிட்ட பட்டியலில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்டோர் தனித்தனியே கண்டடைந்தவை 148. காலம் கனிந்தால் கனி பலர் கையில் விழுகிறது. இதற்கு மாறாக ஒரு பெயரைத் தேடும் பழக்கம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு நோபல் பரிசே சான்று. ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிரக் கூடாது என்பது அதன் விதி. ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த ஆய்வுக் கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். 2017-இல் பரிசு பெற்றவர்கள் மூவர். உலகளாவிய பரிசுக்கு இந்த நெருக்கடியைத் தவிர்ப்பது கடினம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாவட்டத்துக்குள் தரும் விருதுக்கு அந்தச் சாக்குக் கிடையாது. இங்கே எல்லாக் காரணங்களும் ஒரு பேருந்துப் பயண தூரத்தில் இருக்கின்றன.

அடுத்த மறுப்பு இன்னும் கடுமையானது. புகழை இப்படிப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தால் பழியையும் அப்படியே பிரித்துவிட மாட்டார்களா? 'எல்லாரும் காரணம்' என்பது 'யாரும் பொறுப்பில்லை' என்பதற்கு முதல் படி அல்லவா? இந்த அச்சம் நியாயமானது. திருப்பூரின் அனுபவத்தை வைத்தே இதற்கு விடை தேட வேண்டும். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்தது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, ஆற்றை நம்பிய பாசன நிலங்கள் பாழாயின. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவைத் துளியும் வெளியேற்றக் கூடாது என்ற நிலைக்கு ஆலைகளைத் தள்ளியது, 2009-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று தீர்ந்தது, 2011 ஜனவரியில் விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் பயன்படுத்தும் ஏற்பாடு அங்கே வேரூன்றியது. இன்று அதே ஏற்பாடு திருப்பூரின் பெருமைக்குரிய புதுமையாகப் பேசப்படுகிறது. பெருமைக்குரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் காரணம் யார்? சுத்திகரிப்பு நிலையம் கட்டிய ஆலைகள் ஒரு காரணம். அதைக் கட்டாமல் தப்ப முடியாதபடி செய்த விவசாயிகள் இன்னொரு காரணம். நிலம் உவர்த்துப்போனதைப் பொறுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தியவர்களின் பெயர் எந்தப் புத்தாக்க விருதின் விண்ணப்பத்திலும் இடம்பெறாது. ஏனெனில் அவர்கள் அந்தத் தொழிலை எதிர்த்தவர்கள்.

இதிலிருந்து பொறுப்பைப் பற்றியும் ஒன்று தெரிகிறது. காரணங்களைப் பிரித்தறிவது பொறுப்பைக் கரைத்துவிடுவதில்லை. அது பொறுப்பைத் துல்லியமாக்குகிறது. எந்தப் பட்டறை, எந்தக் குழாய், எந்த ஆய்வாளர், எந்த அனுமதி என்று காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் யாருடைய பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியும். 'ஊர் முழுக்கக் குற்றம்' என்பது காரணங்களைப் பிரிக்காத சோம்பலின் வாசகம். 'இவர் ஒருவரே சாதனையாளர்' என்பதும் அதே சோம்பல்தான். பழியில் துல்லியம் கேட்கும் நாம் புகழில் மட்டும் அதைக் கைவிடுவது ஏன்? இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லாபம், பரிசு, புகழ் எல்லாம் ஒருவரிடம் சேரும்போது 'நான் செய்தேன்' என்பவர், நஷ்டமும் விபத்தும் வரும்போது சந்தை, அரசு, தொழிலாளி என்று காரணங்களை விரித்துப் பேசுவார். கீதையின் ஐந்து காரணங்களை வெற்றி நாளிலும் ஓதச் சொன்னால் போதும், தோல்வி நாளில் அது தப்பிக்கும் வழியாக இருக்காது.

துணிவைப் பற்றிய வாதமும் உண்டு. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவர் முதலாளி, தூக்கம் கெட்டவர் அவர், ஆகவே மேடையும் அவருக்கே. சிறு தொழில் நடத்துவோரின் வாழ்க்கையில் இந்தத் துயரம் உண்மை. அதற்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். ஆனால் ஆபத்தைச் சுமந்தவர் அவர் மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். 2000-இல் மத்திய அரசும் சிறு தொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் தொடங்கிய கடன் உத்தரவாத நிதியம், பிணை இல்லாமல் சிறு தொழிலுக்கு வங்கி தரும் கடனுக்குப் பொறுப்பேற்கிறது. கடன் மூழ்கினால் அதில் ஒரு பங்கு பொது நிதியின் தலையில் விழும். ஆர்டர் நின்ற மாதங்களில் சம்பளம் தள்ளிப்போக, அதைப் பொறுத்துக்கொண்டு வேலைக்கு வந்த ஃபிட்டரும் டர்னரும் தங்கள் பங்கு ஆபத்தை எந்த ஒப்பந்தமும் இல்லாமல் ஏற்றவர்கள். துணிவுக்குத்தான் விருது என்றால், துணிந்தவர்கள் பட்டியலும் நீளும்.

சமயப் பற்றுள்ளவர் வேறொரு பக்கத்திலிருந்து கேட்கலாம்: பலனில் பற்று வைக்காதே என்பதுதானே கீதையின் போதனை, அப்படியானால் விருதே கூடாதல்லவா? இந்த வாதம் பக்தியாகத் தெரிந்தாலும் ஒரு கணக்கைத் தவறவிடுகிறது. பலனை நாடாதே என்பது செய்பவருக்குச் சொன்ன வார்த்தை. அந்தச் செயலால் பயன் பெற்றவருக்குச் சொன்னது அன்று. பெற்றவருக்கு என்ன கடமை என்பதைத் திருக்குறள் செய்ந்நன்றியறிதல் என்ற அதிகாரத்தையே ஒதுக்கிப் பேசுகிறது. செய்தவர் மறக்கலாம், பெற்றவர் மறக்கக் கூடாது. எனவே ஊர் விருது கொடுப்பது ஊரின் அறம். அதைக் கேட்டு அலைவது அவரவர் பற்று. இப்படிப் பார்த்தால் ஊக்கம் குறைந்துவிடும் என்ற நடைமுறை மறுப்பும் தளர்கிறது. நன்றிக்கு ஓர் இயல்பு உண்டு: அது எத்தனை பேருக்குச் சொன்னாலும் குறைவதில்லை. முதலிடம்தான் பகிர்ந்தால் குறையும். விருதை முதலிடப் போட்டியாக வைத்ததால்தான் பெயர்களைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தது.

போட்டியாக இல்லாத விருது நடக்குமா என்றால், நடந்துகொண்டிருக்கிறது. ஜப்பானில் 1951 முதல் டெமிங் பரிசு வழங்கப்படுகிறது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் விரிவுரைப் பதிவுகளின் உரிமத் தொகையைப் பெற்றுக்கொள்ளாமல் கொடுத்துவிட, அதைக் கொண்டு தொடங்கியது. தரத்துக்கான அளவை எட்டிய நிறுவனம் எத்தனையானாலும் அந்த ஆண்டில் பரிசு உண்டு. ஒருவர் பெற்றதால் இன்னொருவர் இழப்பதில்லை. சென்னையின் சுந்தரம் கிளேட்டன் 1998-இலும் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் 2002-இலும் இதைப் பெற்றன. டெமிங்கின் கருத்தே இங்கே பொருத்தமானது. ஒரு தொழிற்சாலையில் நல்லதோ கெட்டதோ, விளைவின் பெரும்பகுதி அமைப்பிலிருந்து வருகிறது, தனி ஆளிடமிருந்து அல்ல என்றும், ஆட்களை வரிசைப்படுத்தி மதிப்பெண் போடுவது நிர்வாகத்தின் கொடிய நோய்களில் ஒன்று என்றும் அவர் வாழ்நாள் முழுவதும் வாதாடினார். கீதையைப் படித்துச் சொன்னதல்ல, உற்பத்திக் கணக்கைப் பார்த்துச் சொன்னது. இரு வேறு வழியில் நடந்தவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பெயர்கள் அதிகமானால் விழா நீளும், படிவம் குழம்பும் என்று அலுவலகத் தரப்பில் சொல்வார்கள். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லில் உளி கொண்டு வெட்டியவர்களுக்கு இதைவிடச் சிரமம் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்ததோடு, தன் தமக்கை கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் அங்கே இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் நானூறு பேர், ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதோடு இருக்கிறார்கள். கணக்கர், தையற்காரர், நாவிதர், சலவைத் தொழிலாளி வரை பங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. பங்குகள் சமமானவை அல்ல, அரசனின் பெயரே எல்லாவற்றிலும் பெரிது, கல் சுமந்தவர்கள் எல்லாரும் அதில் இல்லை. அந்தக் குறைகளோடும், ஒரு பெரும் செயலுக்குப் பலர் காரணம் என்பதைப் பொதுவில் எழுதிவைக்கும் மனம் அங்கே இருந்தது. நம் கேடயங்களில் அந்த மனம் இல்லை.

தொழில் சங்கங்களும் நடுவர் குழுக்களும் அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும்முன் அதில் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: இந்தப் புதுமை யார் யாருடைய அறிவால், உழைப்பால், இழப்பால், எதிர்ப்பால் சாத்தியமானது, பெயர்களைக் குறிப்பிடுக. அந்தக் கேள்வியை வெறுமையாக விட்ட விண்ணப்பத்தை ஏற்கக் கூடாது. விருது நாளில் அந்தப் பெயர்களை மேடையில் வாசிக்க வேண்டும், அவர்களையும் முன்வரிசையில் அமர்த்த வேண்டும். பரிசு பெறுவோர் இதை மறுத்தால் அந்த ஆண்டு பரிசை நிறுத்திவைக்கலாம்.